அடுப்பு ஆஃப்!

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு தானாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வந்தவர் என் அக்காவின் கணவர். ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், இன்னொரு கையில் ஒரு பென் டிரைவ். பழத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தான் வெறுங்கையோடு வந்தால் சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். பழத்தோடு வந்தால் எனக்கு வேலை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

"மாப்ளே, ஒண்ணுமில்ல, எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடு. அரை மணி நேர வேலை."

அந்த அரை மணி நேரம் இப்போது ஐந்தாவது வாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அத்தான் தீயணைப்பு நிலையம் ஒன்றின் அதிகாரி. வயது ஐம்பத்து நான்கு; ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம். அதற்குள் மாவட்ட அதிகாரியின் நாற்காலி காலியாகிறது. அதில் உட்கார வேண்டுமானால் முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும் என்று எவரோ ஒரு புண்ணியவான் புதிதாக விதி போட்டுவிட்டார். பட்டத்தின் பெயர் 'பொதுப் பாதுகாப்பில் தலைமைத்துவமும் மேலாண்மையும்'. இரண்டு வருடப் படிப்பு, சனிக்கிழமைதோறும் வகுப்பு. முப்பது வருடம் எரிகிற வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்த மனிதர், நாலு பக்கம் எழுது என்றதும் பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளைபோல் வயிற்றுவலி என்றார்.

(இந்த ஆரம்பத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. முதலில் எழுதிப் பார்த்தது இது: 'நெருப்பு என்பது மனித குலத்தின் முதல்—'. அதற்குமேல் பேனா நகரவில்லை. மனித குலம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அத்தானின் பிரச்சினை பன்னிரண்டு முட்டை. அதற்கு இனிமேல்தான் வருவேன்.)

2

வகுப்பில் எட்டுப் பேர். எட்டுப் பேருமே எங்கேயோ அதிகாரம் செய்கிறவர்கள். சிறைக் கண்காணிப்பாளர் அம்மா ஒருவர், போக்குவரத்துக் காவல் அதிகாரி ஒருவர், மற்றவர்களும் அதே ரகம். முதல் நாள் அத்தான் உள்ளே நுழைந்தார். முன் வரிசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அத்தானின் நிலையத்தில் வீரராக இருந்தவர். இப்போது அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் பிரிவுக்குத் தலைவர். அத்தானுக்கு அவரைப் பார்த்த சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஏய் முட்டை! நீ எங்கப்பா இங்க?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்று மட்டும் சொன்னார். அன்று தேநீர் இடைவேளை முடிவதற்குள் சிறைக் கண்காணிப்பாளர் அம்மா அவரை 'முட்டை சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதுவும் எவ்வளவு மரியாதையாக! பதினோரு வருடமாக உதறிப் பார்த்த பெயர் பஸ் பிடித்து வகுப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர் ஒரு பேராசிரியை. அத்தானைவிடப் பதினைந்து வயது இளையவர். வெள்ளம், நிலநடுக்கம் என்று பல ஊர்களில் மீட்பு வேலையை ஒருங்கிணைத்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எல்லோருக்கும் பயம். மூன்றாவது வாரம் பாடத்தின் நடுவில் அவர் வெளியே எழுந்து போன சமயம் தீ எச்சரிக்கை மணி அடித்தது.

"யாரும் பதறாதீங்க!" என்று முதலில் பதறியது அத்தான். போக்குவரத்து அதிகாரி மேசைகளுக்கு நடுவே நின்று இரண்டு கையையும் நீட்டி, இன்னும் தொடங்கவே தொடங்காத போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். "வரிசை, வரிசை" என்றார் ஒருவர். "வரிசையை நான் சொல்றேன்" என்றார் இன்னொருவர். சிறைக் கண்காணிப்பாளர் அம்மா கதவருகே ஓடினார்; ஓடி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். இருபது வருடப் பழக்கம், பாவம் அவரும் என்ன செய்வார்!*

நாலு நிமிடம் கழித்துப் பேராசிரியை வெளியிலிருந்து கதவைத் தட்டினார். உள்ளே வந்து கரும்பலகையில், 'இறந்தவர்கள்: ஏழு பேர்' என்று எழுதினார்.

"உங்க ஏழு பேருக்கும் தலைமைப் பண்பு நிறையவே இருக்கு. உயிர்தான் இல்ல."

எட்டாவது ஆளான கட்டுப்பாட்டு அறைக்காரர் மைதானத்தில் இருந்தார். மணி அடித்த மறு நொடி, தாழ்ப்பாள் விழுவதற்கு முன், வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், மீதி ஏழு பேரை எண்ணுவதற்காக நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அத்தான் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு நான் செத்துட்டேன்" என்றார். "சட்டையைத் துவைக்கப் போட்டுட்டுச் சாவுங்க" என்றாள் அக்கா.

* தாழ்ப்பாள் சத்தியமாக நடந்தது. கதைக்காக நான் கூட்டிச் சொல்லும் இடங்கள் வேறு இருக்கின்றன, வரும்போது ஒப்புக்கொள்கிறேன்.

3

படிப்பின் கடைசி வேலையில்தான் வினை. தாளில் இப்படி இருந்தது: நீங்கள் தலைமை தாங்கிய சம்பவம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்களே செய்த தவறு ஒன்றை ஆராய்ந்து எழுதுங்கள். வகுப்பின் முன் படியுங்கள். சக மாணவர் ஒருவர் உங்களைக் கேள்வி கேட்பார். யாரையும் தண்டிக்க இல்லை, அடுத்த முறை அது நடக்காமலிருக்க. 'வீரக்கதைக்கு மார்க் கிடையாது' என்று கடைசியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அத்தான் வீரக்கதை எழுதினார். தலைப்பு 'கடமையின் சிகரம்'. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு முதியவரையும் அவருடைய கிளியையும் காப்பாற்றிய சம்பவம். 'நான் செய்த தவறு' என்ற தலைப்பின் கீழ், 'என் உயிரைத் துச்சமாக நினைத்தது' என்று எழுதியிருந்தார். பேராசிரியையின் சிவப்பு மை அதன் ஓரத்தில் இப்படிச் சொன்னது: 'இது தவறு இல்லை, விளம்பரம். வேறு எழுதுங்கள்.'

இரண்டாவது முறை, 'ஓய்வே எடுக்காமல் உழைத்தது' என்று எழுதிக் கொடுத்தார். சிவப்பு மை: 'இதை உங்கள் துணைவியாரிடம் சரிபார்த்தீர்களா?' அந்தத் தாளை அக்காவிடம் காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது முறை பக்கத்து நிலைய அதிகாரி செய்த தவறு ஒன்றை விலாவாரியாக எழுதினார். சிவப்பு மை: 'அருமை. உங்களுடையது எங்கே?'

அதற்குப் பிறகுதான் பென் டிரைவும் வாழைப்பழமும் என் வீட்டுக்கு வந்தன. எழுத்துப் பிழை என்பதெல்லாம் சும்மா. காப்பி குடித்து முடித்ததும் அத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ளே, எனக்கு ஒரு தப்பு வேணும்."

"எவ்வளவு பெரிசு?"

"மார்க் வாங்குற அளவுக்குப் பெரிசு. வேலைக்கு உலை வைக்காத அளவுக்குச் சின்னது. நீதான் கதை எழுதுறவனாச்சே, ஒண்ணு கட்டி விடேன்."

கட்டத் தேவையில்லாமல் ஒரு தவறு எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

4

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வானம் கருமேகங்களைச் சுமந்து— (வேண்டாம். வானம் என்ன செய்தது என்று யாருக்கு ஞாபகம்?)

நிலையத்தில் ஏழு பேர் பணியில் இருந்தார்கள். சமைக்கும் வேலை முறை வைத்து மாறும். அன்றைக்கு முறை இப்போது வகுப்பில் முன் வரிசையில் உட்காரும் அந்த வீரருடையது. அப்போது அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது. எல்லோருடைய காலை உணவுக்காகப் பெரிய பாத்திரத்தில் பன்னிரண்டு முட்டைகளை வேகப் போட்டிருந்தார்.

மணி அடித்தால் நிலையத்தில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு சத்தம். ஓட்டுநர் 'வண்டி ரெடி' என்று கத்துவார். வாசலில் இருப்பவர் 'கேட் திறந்தாச்சு' என்பார். சமையல் முறைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு 'அடுப்பு ஆஃப்!' என்று கத்தியபடி ஓடி வருவார். எல்லாச் சத்தமும் காதில் விழுந்த பிறகுதான் அதிகாரி 'போ' என்று சொல்ல வேண்டும்.

மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். சமையல் முறைக்காரர், அடுப்பை அணைக்காமலே வண்டியில் ஏறிவிட்டார்.

போன இடம் ஒரு பூட்டிய வீடு. வீட்டு அம்மாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார், சன்னலில் புகை. அத்தானின் ஆட்கள் சன்னலை உடைத்து உள்ளே போய், கரிந்த பாத்திரத்தைத் தூக்கி வெளியே போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் அத்தானுக்கு முடியவில்லை. தெருவே கூடியிருந்தது, கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு நாக்கு ஊறும். அந்த அம்மாளை முன்னால் நிற்க வைத்து இருபது நிமிடம் பிடிபிடியென்று பிடித்தார்.

"ஒரு நிமிஷம்மா! ஒரே ஒரு நிமிஷம்! கதவைப் பூட்டுறதுக்கு முன்னாடி அடுப்பைத் திரும்பிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்பை மறக்குறவங்க வீட்டையே மறந்த மாதிரி!"

அப்போது வண்டியின் வாக்கி டாக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறை பேசியது. "சார், உங்க ஸ்டேஷன்லேர்ந்து புகை வருதுன்னு எதிர்த்த டீக்கடைக்காரர் போன் பண்ணியிருக்கார். சமையலறைப் பக்கமாம்."

தெருவுக்கே கேட்டது. வீட்டு அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம்தானே சார்?" என்றார்.

இவர்கள் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து நிலையத்து வண்டி வந்து தீயை அணைத்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. அலமாரி, சன்னல் திரை, பாதிக் கூரை எல்லாம் போச்சு. தண்ணீர் வற்றியதும் முட்டைகள் வெடித்து, மஞ்சள் கரு கூரையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நிலைய அதிகாரி அதைப் புகைப்படம் எடுத்தார், அதுவும் பல கோணங்களில். (மூன்றாவது வரைவில் அத்தான் அவரைப் போட்டுத் தாளித்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.)

விசாரணை அறிக்கை போயிற்று. சமையல் முறைக்காரரின் பணிப் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, பட்டப்பெயர் மட்டும் வந்தது. அடுத்த வருடம் அவரே மாற்றல் கேட்டுக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டார்.

இந்தச் சம்பவத்தில் அத்தானின் தவறு, நேரம் பார்க்காமல் பிரசங்கம் செய்தது. மார்க் வாங்கும் அளவுக்குப் பெரியது, உலை வைக்காத அளவுக்குச் சின்னது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நீல அட்டை போட்டுக் கட்டினோம். சிவப்பு மை முதல் முறையாக, 'முன்னேற்றம்' என்று எழுதியது.

5

அத்தானைக் கேள்வி கேட்கப் போவது யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதாக முதலில் எழுதியிருந்தேன். சீட்டில் கட்டுப்பாட்டு அறைக்காரரின் பெயர் வருகிறது, அத்தானின் முகம் வெளுக்கிறது, விதி சிரிக்கிறது என்றெல்லாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது அது இல்லை. "இவரை யார் கேள்வி கேக்குறீங்க?" என்று பேராசிரியை கேட்டார். கட்டுப்பாட்டு அறைக்காரர் கையைத் தூக்கினார், அவ்வளவுதான். விதிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

இடைவேளையில் அத்தான் அவரைத் தேடிப் போனார். அவர் தேநீர்க் கோப்பையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன முட்டை, பழைய ஆபீசரைப் போட்டுப் பாக்கலாம்னு கை தூக்கிட்டியா?" என்றார் அத்தான், சிரித்துக்கொண்டே. சிரிப்பு ஒட்டவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

"இல்ல சார். எனக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும்."

"என்ன?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சார், நான் அன்னிக்கு அடுப்பை அணைச்சேன். கையில அந்தத் திருகு சூடா இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. சத்தமும் போட்டேன். ஆனா எல்லாரும் நீ அணைக்கலன்னு சொன்னாங்க, எழுத்துல வேற வந்துடுச்சு. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை வேற நாள் ஞாபகமா இருக்குமோன்னு."

அத்தான் படிக்கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ என்ன ஆச்சு தெரியுமா சார்? காலையில எட்டேகால் பஸ்ஸுக்குக் கிளம்புவேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போவேன். அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகம் வரும். திரும்ப வீட்டுக்கு வந்து பாப்பேன். அணைஞ்சுதான் இருக்கும். மறுபடி பஸ் ஸ்டாப். மறுபடி சந்தேகம். மூணு தடவை ஆகும், பஸ் போயிடும். வீட்டுல பொண்ணு சிரிப்பா. தினம் நூறு பேருக்குப் போன்ல 'பதறாதீங்க, நான் சொல்றதைச் செய்யுங்க'ன்னு சொல்றேன். என்னோட அடுப்பை என்னால நம்ப முடியல."

அத்தானின் கையில் தேநீர் ஆறிப்போய்விட்டது. "சரிப்பா, மணி அடிச்சுடுச்சு" என்றார். மணி அடித்திருக்கவில்லை.

6

வாசகரே, நாலாவது பிரிவில் ஒரு வாக்கியம் பொய். நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். அதை எழுதியவனுக்கு அதில் அவ்வளவு தேர்ச்சி.

நடந்தது இது. அன்று காலை மணி இரண்டு முறை அடித்தது. முதல் மணிக்கு எல்லோரும் ஓடினார்கள். சமையல் முறைக்காரர் அடுப்பை அணைத்தார், 'அடுப்பு ஆஃப்!' என்று கத்தினார், வண்டியில் ஏறினார். வண்டி கிளம்புவதற்குள் கட்டுப்பாட்டு அறை, 'நிறுத்துங்க, தப்பான தகவல்' என்றது. எல்லோரும் இறங்கி, பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அத்தானுக்கு அகோரப் பசி. முந்தின நாள் இரவும் சரியாகச் சாப்பிடவில்லை. நேரே சமையலறைக்குப் போய், அரைவேக்காட்டில் கிடந்த முட்டைகளைப் பார்த்து, அடுப்பைத் தானே பற்ற வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரி அடுப்படியில் நின்றார் என்று பேச்சு வரக்கூடாதே!

இரண்டே நிமிடத்தில் மணி மறுபடி அடித்தது. தகவல் உண்மைதான், முகவரிதான் மாறிப்போயிருந்தது. பாதி கழற்றிய பூட்ஸோடு அத்தனை பேரும் அப்படியே ஏறினார்கள். அடுப்புச் சத்தம் ஏற்கெனவே ஒருமுறை போட்டாயிற்று. இரண்டாம் முறை போட யாருக்கும் தோன்றவில்லை, அத்தானுக்குக் கேட்கவும் தோன்றவில்லை. 'போ' என்றார்.

அன்றைக்கே அத்தானுக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த நிலையத்துக்கு அதிகாரியாக வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, ஆறாவது மாதம்தான் பணி நிரந்தரமாகும். அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒருவரைத் தேடிப் போனார். வாழைப்பழத்தோடு.

ஆமாம். என்னிடம்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அனுப்பிய கதையெல்லாம் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்த காலம். அத்தான் முழு உண்மையையும் சொன்னார், அழாத குறை. நான் யோசித்து யோசித்து எழுதினேன்: 'சமையல் முறையில் இருந்த வீரர், கடமை உணர்வின் வேகத்தில், அடுப்பை அணைக்க மறந்து விரைந்தார்.' 'கடமை உணர்வின் வேகத்தில்' என்பதை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பழி போடும்போதும் ஒரு பாராட்டோடு போட்டிருக்கிறேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மேலிடத்தில் அறிக்கையின் மொழிநடையைப் பாராட்டினார்களாம். என் புனைவில் ஒருவர்கூடத் திருத்தம் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

வெட்கமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை.

(இனி இந்தக் கதையில் அவருடைய பட்டப்பெயர் வராது. இதுவரை வந்த இடங்களில் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் நாங்கள் கூப்பிட்டதே இல்லை என்று ஆகிவிடும். அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.)

7

படிக்கட்டுப் பேச்சுக்கு மறுநாள் அத்தான் மறுபடி வந்தார். கையில் பழம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு அறிக்கை எழுதணும் மாப்ளே. நடந்தது நடந்தபடி. குடுக்கப் போறேன்னு சொல்லல. எழுதி வெச்சுப்போம்."

அதையும் எழுதினேன். பதினெட்டுப் பக்கத்துக்கு வளரவில்லை, ஆறே பக்கத்தில் முடிந்துவிட்டது. பழுப்பு அட்டை. நீலத்தைப் படித்தால் பட்டம், நாற்காலி, எல்லாம். பழுப்பைப் படித்தால் பட்டம் கிடைக்கலாம். ஆனால் பொய் அறிக்கை கொடுத்ததற்குத் துறை விசாரணை வரும். நாற்காலி போன மாதிரிதான். இருக்கிற நாற்காலிக்கே ஆட்டம் வரலாம்.

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. இரண்டு அட்டையும் மேசைமேல் கிடந்தன. அத்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பதினோரு வருட ரகசியம் உடைகிறது, அக்கா கையிலிருக்கும் கரண்டி நழுவி— (நழுவவில்லை. அவள் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.)

"இதை இப்பத்தான் சொல்றீங்களா?" என்றாள். "பதினோரு வருஷமா முட்டையைக் கையால தொடல இந்த மனுஷன். டாக்டர் வேணாம்னார்னு சொல்லுவார். எந்த டாக்டர்னு கேட்டாப் பேச்சை மாத்துவார். எனக்குத் தெரியாதா?"

அத்தான் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ ஏண்டா பல்லைக் காட்டுற? எழுதிக் குடுத்தது நீதானே? அந்த அறிக்கையைப் படிச்ச அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு. உங்க அத்தானுக்கு 'கடமை உணர்வின் வேகம்'னு எழுத வருமா?"

சிரிப்பு நின்றது.

"நாற்காலி போயிடும்டி" என்றார் அத்தான், மெதுவாக.

"போனா நின்னுக்கிட்டு இருங்க. முப்பது வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு அவருக்கு மோர் ஊற்றினாள். பிறகு திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நாற்காலிக்கு அவளும் ஆசைப்பட்டாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் 'மாவட்ட அதிகாரி வீட்டம்மா' என்று ஒரே ஒரு முறை யாராவது கூப்பிட வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அத்தான் இரண்டு அட்டையையும் பைக்குள் வைத்தார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன். அங்க போய் நிலைமையைப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்." தீயணைப்புக்காரருக்கு அது நல்ல பதில்தான். ஆனால் 'போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது முடிவெடுக்காததற்கு இன்னொரு பெயர் என்று பேராசிரியை முதல் பருவத்திலேயே நடத்திவிட்டார். அத்தான் அதைக் குறிப்பெடுத்து அடிக்கோடும் போட்டிருக்கிறார். நோட்டை நான் பார்த்தேன்.

8

முடிவுகள்.

அ. அத்தான் பழுப்பு அட்டையைப் படிக்கிறார். வகுப்பு எழுந்து நின்று கைதட்டுகிறது. கட்டுப்பாட்டு அறைக்காரர் ஓடி வந்து அத்தானைக் கட்டிப்பிடித்து— (நிறுத்து. ஏழு அதிகாரிகள் உள்ள அறையில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். போக்குவரத்து அதிகாரி, 'இது பரீட்சையில வருமா மேடம்?' என்று கேட்பார். பதினோரு வருடம் தன் அடுப்பையே சந்தேகப்பட்ட மனிதர் எதற்காகக் கட்டிப்பிடிக்க வேண்டும்?)

ஆ. அத்தான் நீல அட்டையைப் படிக்கிறார். பட்டம் வருகிறது, நாற்காலி வருகிறது. முதல் நாளே அதில் உட்கார்ந்தபோது— (இதற்குமேல் எழுத அக்கா விடமாட்டாள்.)

இ. பேராசிரியைக்கு எல்லாம் முன்பே தெரியும். (தெரியாது. எழுத்தாளனுக்கு வழி தெரியாதபோது எவரோ ஒருவருக்கு எல்லாம் முன்பே தெரிந்துவிடும்.)

இவற்றில் எது நடந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம் நடக்கும். கேள்வி நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்காரர் எழுந்து நிற்பார். முன்னால் நோட்டு திறந்திருக்கும். போனில் பதறுகிறவர்களிடம் சரியான ஒரு கேள்வியைக் கேட்டே பழகிய குரலில், நிதானமாகக் கேட்பார்:

"சார், ரெண்டாவது மணிக்கு அடுப்புச் சத்தம் யார் போட்டாங்க?"

அத்தான் வாயைத் திறப்பார்.

9

அதற்குமேல் எனக்குத் தெரியாது. இன்று புதன்கிழமை, வகுப்பு சனிக்கிழமை. அத்தான் வாயைத் திறந்தபடியே உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்கள் அவரை இவ்வளவு தூரம் பார்த்திருக்கிறீர்கள். நல்ல மனிதர், பசி தாங்க மாட்டார், கூட்டத்தைக் கண்டால் பேசிவிடுவார். நீலமா பழுப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் உங்களிடம் விட்டுவிட முடியாது. இந்தக் கதையின் முதல் பிரதியை உறையில் போட்டு ஒட்டியாயிற்று. இன்று தபாலில் சேர்த்தால் வெள்ளிக்கிழமை கட்டுப்பாட்டு அறைக்காரருக்குக் கிடைக்கும். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை, அத்தானுக்குப் போன் செய்து சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் வரியை நீ திருத்திக்கோ மாப்ளே. என்னோடதை நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

என் வரி இதுதான். அதே படிவம், அதே கட்டம். இந்த முறை மொழிநடை கிடையாது.

காரணம்: முதல் மணிக்குச் சமையல் முறையில் இருந்த வீரர் அடுப்பை அணைத்தார். சத்தமும் போட்டார். பிறகு அதைப் பற்ற வைத்தவர் வேறு ஒருவர். அதை மறைத்து எழுதியவன் நான்.

வாசகரே, நீங்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த நாலு வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். இவை உங்களுக்கு எழுதியவை இல்லை.

சார், எட்டேகால் பஸ் வந்துடும். அடுப்பு ஆஃப். நீங்க ஏறிக்குங்க.